சோப்புக்குப் போன புல்

எங்கள் தோட்டத்தில் வாய்க்கால் ஓரமாக ஒரு இருபது தூர் எலுமிச்சைப் புல் நிற்கிறது. மண் அரிக்காமல் பிடிக்கும், மாடு அவ்வளவாக வாய் வைக்காது, தண்ணீர் குறைந்தாலும் சட்டென்று சாகாது. டவுனிலிருந்து வருகிற நண்பர்கள் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "அட, சோப்பு வாசனை!" என்பார்கள். இந்தப் புல்லின் நூறு வருஷக் கதை அந்த ஒரு வார்த்தைக்குள்ளேயே இருக்கு.

அதற்கு முன்னாடியும் ஒரு கதை உண்டு. புறநானூற்று 132ஆம் பாட்டில், இமயத்தில் நரந்தையை மேய்ந்து, சுனைத் தண்ணீர் குடித்து, தகர மர நிழலில் பிணையோடு படுத்திருக்கும் கவரியை முடமோசியார் காட்டுகிறார். நரந்தை என்பது நாரத்தை என்பார் சிலர், இந்த வாசனைப் புல் சாதி என்பார் சிலர். அதே பாட்டில் புல்லும் கூடவே வருவதால் என் ஓட்டு புல்லுக்குத்தான். 235ஆம் பாட்டில் அதியமான் இறந்தபோது அவன் கையில் இருந்த நரந்த வாசனையைச் சொல்லி ஔவை அழுகிறார். கவனிச்சுப் பாருங்க: மான் மேயுது, மனுஷன் கையில் மணக்குது. யாரும் குடிச்சதாக இந்தப் பாட்டுகளில் இல்லை.

எங்களுக்குக் கம்பம் பக்கம். அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் மலையேறி இடுக்கிப் பக்கம் புல்லுத் தைலம் காய்ச்சும் வேலைக்குப் போவாராம். காட்டைத் திருத்திக் குடியேறியவர்களுக்கு அன்றைக்குக் கைக்காசு கொடுத்த பயிர்களில் இந்தப் புல்லும் ஒன்று. அறுத்த புல்லை வாட விட்டு, பெரிய கொப்பரையில் திணித்து, அடியில் விறகு எரிப்பார்கள். ஆவி குழாய் வழியாக ஓடைத் தண்ணீருக்குள் புகுந்து குளிர்ந்து வெளியே வரும். தண்ணீர் கீழே நிற்க, தைலம் மேலே மிதக்கும். நூறு கிலோ புல்லுக்கு அரை கிலோ தைலம் கிடைத்தால் அது நல்ல புல். ராத்திரி முழுக்க அடுப்பு தள்ளிவிட்டு வருகிறவன் குளிச்சாலும் அந்த வாசனை போகாது என்பார் அப்பா.

தைலம் கொச்சி வழியாகக் கப்பலேறியது. வெளிநாட்டு வியாபாரிகள் அதைக் 'கொச்சின் ஆயில்' என்றே அழைத்தார்கள். அதில் முக்கால் பங்குக்குப் பக்கமாக இருப்பது சிட்ரால் என்கிற பொருள். 1893இல் ஜெர்மனியில் டீமானும் க்ரூகரும் சிட்ராலிலிருந்து அயனோன் செய்தார்கள். அது வயலட் பூ வாசனை. அதுவரை பணக்காரர்களுக்கு மட்டும் கிடைத்த வாசனை சோப்புக்கும் சென்ட்டுக்கும் வந்துவிட்டது. 1947இல் சுவிட்சர்லாந்தில் ஓட்டோ ஐஸ்லர் குழுவினர் அயனோனிலிருந்து வைட்டமின் ஏ தயாரித்தார்கள். நம்ம மலைப்புல்லுக்கு கிராக்கியோ கிராக்கி. 1951இல் கேரளத்து ஓடக்காலியில் இந்தப் புல்லுக்கென்றே ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள்.

அப்புறம் ரசாயனத் தொழிற்சாலைகள் சிட்ராலையே புல் இல்லாமல் செய்ய ஆரம்பித்தன. சீனாவிலிருந்து ஒரு மரக்காய்த் தைலமும் மலிவாக வந்தது. விலை விழுந்தது. எங்க அப்பாவுக்குக் கடைசி வருஷக் கூலியில் பாதி வரவே இல்லை. மலையில் புல்லைப் பிடுங்கிவிட்டு வேறு பயிர் வைத்தார்கள். வேற வழி? காய்ச்சலுக்கு ஆவி பிடிக்கத் தவிர வீட்டில் அதற்கு வேலை இல்லையே.

இதே புல்லைக் குஜராத்தில் 'லீலி சா', அதாவது பச்சை டீ, என்று சொல்லி, புதினாவோடு சேர்த்து பால் டீயில் போடுகிறார்கள். மராத்தியில் 'கவதி சகா'. வாசலில் நாலு தூர் வைத்துக்கொண்டால் போதும். சிட்ரால் விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, அந்த நாலு தூரை யாரும் பிடுங்குவதில்லை.

ஜாவாக் கதை இன்னும் சுவாரசியம். டச்சுக்காரன் ஆண்ட படாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், துரைமார் குடிக்கும் மதுவைப் பார்த்து, போதையில்லாமல் ஒரு பானம் செய்தார்கள் பெத்தாவி மக்கள். பெயர் 'பீர் ப்ளெத்தோக்'. இஞ்சி, எலுமிச்சைப் புல், ரம்பை இலை, ஏலம், பட்டை எல்லாம் கொதிக்கும். செக்கச்செவேல் என்ற நிறத்துக்குப் பதிமுகக் கட்டை. கேரளத்து ஓட்டலில் குடிக்கிற தண்ணிக்குப் போடுவாங்களே, அதே கட்டைதான். புல்லும் கட்டையும் இஞ்சியும் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. நாம் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் வீட்டில் கொதிக்கிறது. நாலு டம்ளர் தண்ணீருக்கு நீள இலை ஆறு. முடிச்சாகக் கட்டிப் போட்டால் எடுப்பது சுலபம். தட்டிய இஞ்சி ஒரு துண்டு, பதிமுகம் ஒரு சிட்டிகை, கருப்பட்டி தேவைக்கு. முக்கியமானது மூடி. திறந்து வைத்துக் கொதிக்க விட்டால் தைலம் ஆவியோடு போய்விடும்; வீடெல்லாம் மணக்கும், டம்ளரில் ஒன்றும் இருக்காது. அப்பா காய்ச்சிய கொப்பரையின் கணக்கு இதற்கும் பொருந்தும். ஐந்து நிமிஷத்தில் இறக்கி, மூடியபடியே ஆறவிட்டு, பானையில் வைத்துக் குடித்தால் வெயிலுக்கு இதமாக இருக்கும்.

இனிப்புக்கு இந்தப் புல்லிடம் ஒரு வித்தை உண்டு. எலுமிச்சம்பழத்தைப் பாலில் பிழிந்தால் திரிந்துவிடும். புல்லில் எலுமிச்சை வாசனை இருக்கிறது, அந்தப் புளிப்பு இல்லை, பால் திரியாது. கொதித்த பாலில் அடித்தண்டைத் தட்டிப் போட்டு, அடுப்பை அணைத்து, கால் மணி நேரம் மூடி வைத்து வடிகட்டுங்கள். அதில் சர்க்கரையும் அரிசிக் குருணையும் போட்டால் பாயசம். எனக்குப் பிடித்தது தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கடல்பாசியில் உறைய வைப்பது. அரை லிட்டருக்கு ஐந்து கிராம் பாசி போதும். என் பேத்தி இதை ஜெல்லி என்கிறாள். பெரிய ஓட்டல்களில் இதற்கு என்ன பெயரோ, என்ன விலையோ.

நர்சரியில் வாங்கும்போது கசக்கிப் பார்த்து வாங்குங்க. கொசுவர்த்தி வாசனை அடித்தால் அது சிட்ரோனெல்லா, டீக்கு ஆகாது. அடித்தண்டு தடிமனாக இருப்பது சமையல் சாதி; மெலிசாக, உயரமாக வளருவது தைலச் சாதி, அதன் இலையும் டீக்கு நல்லாத்தான் இருக்கும். சமையல் சாதி பூப்பது அபூர்வம், விதைக்குக் காத்திருக்காதீங்க. தூரைப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, மழைக்கு முன்னால் ஊன்றினால் போதும். மாடியில் வைக்கிறதென்றால் சிமெண்ட் சாக்கில் ஒரு தூர் வரும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டும், இல்லாவிட்டால் நடுத்தண்டு செத்துவிடும்.