மாற்றமே மூலமான கதை

ஒரு வடிவத்தில் பதிவான காட்சியை வேறொரு வடிவத்துக்கு மாற்றுவதைப் பாத்திரம் மாற்றும் காரியமாகவே எண்ணிப் பழகியிருக்கிறோம். செம்பிலிருந்து தம்ளருக்கு ஊற்றினால் தண்ணீர் தண்ணீர்தானே என்பது இதன் பின்னிருக்கும் நம்பிக்கை. இந்த நம்பிக்கையின் விலை என்ன என்பதற்கு அப்போலோ 11 டெலிவிஷன் காட்சியின் சரித்திரம் ஒரு சாட்சி.

1969 ஜூலையில் சந்திரனிலிருந்து பூமிக்கு வந்த ஒரே ரேடியோ இணைப்பில் குரல், உடல்நிலை அளவீடுகள், கலத்தின் தகவல்கள் எல்லாம் ஏறிவர வேண்டியிருந்தது. காட்சிக்கென்று மிஞ்சியது சுமார் 500 கிலோஹெர்ட்ஸ். அமெரிக்க ஒளிபரப்புக்கோ நாலு மெகாஹெர்ட்ஸுக்கும் மேல் தேவை. ஆகவே வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் தயாரித்த காமிரா வினாடிக்கு 10 பிரேம், பிரேமுக்கு 320 கோடுகள் என்று மெதுவாகப் படம் பிடித்தது. அங்கே வீடுகளிலிருந்த பெட்டிகள் அறிந்ததோ 30 பிரேம், 525 கோடுகள் என்ற கணக்கை மட்டுமே.

கலிபோர்னியாவில் கோல்ட்ஸ்டோன், ஆஸ்திரேலியாவில் ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ் ஆகிய இடங்களில் சமிக்ஞை பெறப்பட்டது. பார்க்ஸின் சமிக்ஞைக்கான மாற்றுக் கருவி சிட்னியில் இருந்தது. மாற்றிய முறை மிக எளியது. பத்து அங்குலத் திரையொன்றில் மெதுவான படம் ஓடும். எதிரே நிறுத்திய ஒளிபரப்புக் காமிரா அதைப் படம் பிடிக்கும். பிரேம்களின் இடைவெளியை நிரப்ப, பிடித்ததையே காந்தத் தட்டில் பதிந்து மறுபடி மறுபடி ஓட்டினார்கள்.

அதாவது உலகம் கண்டது சந்திரனின் படத்தை அல்ல, படத்தின் படத்தை. கோல்ட்ஸ்டோன் காட்சி முதலில் தலைகீழாக வந்தது. நிமிர்த்திய பிறகும் கறுப்பும் வெளுப்பும் மிகையாகிக் கிடந்தது. ஹூஸ்டன் ஹனிசக்கிள் கிரீக்குக்கு மாறியபோதுதான் முதல் காலடி தெளிந்தது. சில நிமிஷங்கள் கழித்து பார்க்ஸுக்கு மாறி அதிலேயே நிலைத்தார்கள். நிழல் எவ்வளவு, ஒளி எவ்வளவு என்பதை நிலையங்களில் குமிழ்களைத் திருகிய கைகளும் தீர்மானித்தன. மனிதகுலத்தின் ஞாபகத்தில் தங்கிவிட்ட அந்த ஆவியுரு பெரும்பகுதி மாற்றத்தின் சிருஷ்டி. அன்று நிலையங்களுக்குள் நேரடித் திரையைப் பார்த்த சிலர் மட்டுமே அதைவிடத் தெளிவான காட்சியைக் கண்டார்கள்.

மாறாத சமிக்ஞையையும் நிலையங்கள் பதிந்துவைத்தன: ஓரங்குல அகலம், 14 தடங்கள் கொண்ட தகவல் நாடாக்களில். நேரடி ஒளிபரப்பு தவறினால் உதவட்டும் என்பதே அவற்றின் நோக்கம். ஒளிபரப்பு தவறவில்லை. கோடிக்கணக்கானவர்கள் பார்த்தாயிற்று, வீடியோ நாடாவிலும் பிலிமிலும் பிரதிகள் உண்டு. இனி அந்த நாடாக்கள் எதற்கு? சாதாரண வீடியோக் கருவி எதிலும் ஓடாதவை வேறு. பின்னாளில் நாசாவுக்குக் காந்த நாடாத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பழைய நாடாக்களை அழித்து மறுபடி உபயோகித்தார்கள். அவற்றோடு இவையும் அழிந்திருக்க வேண்டும் என்பதே பல வருஷத் தேடலுக்குப் பின் 2009இல் வந்த முடிவு.

இதைக் கவனக்குறைவு என்று சொல்லி நகர்ந்துவிட முடியாது. மாற்றம் தோற்றிருந்தால் மூலத்தைப் பொக்கிஷமாகக் காத்திருப்பார்கள். மாற்றம் வென்றது, அந்த வெற்றியே மூலத்தைத் தேவையற்றதாக்கியது. சிபிஎஸ் காப்பகத்திலிருந்தும் சிட்னியிலிருந்தும் கிடைத்த ஒளிபரப்புப் பிரதிகளையும், திரையைப் படம்பிடித்த பிலிமையும் கொண்டு 2009இல் லவுரி டிஜிட்டல் நிறுவனம் காட்சியைச் செப்பனிட்டது. தூசியும் அதிர்வும் குறைந்தன. ஆனால் அன்று கண்ணாடித் திரைக்கும் காமிராவுக்கும் நடுவே நழுவியதை எந்தச் செப்பனிடலாலும் மீட்க முடியாது. அங்கு இல்லாததை ஊகிக்கவே முடியும்.

தொழில்முறை வீடியோ நாடாக்களையெல்லாம் இன்று கணினிக் கோப்புகளாக்குகிறோம். கோப்புகளையும் ஓடும் கருவிக்கு ஏற்ப மறுபடி சுருக்குகிறோம். ஓடுகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று பதில் வந்ததும் மூலத்தின் மேல் கை போகிறது, அழிக்க. அலமாரியில் இடம் வேண்டும், தட்டில் இடம் வேண்டும். நாசாவின் காரணமும் இதுதான்.