கொம்பு ஊதிய ஆண்டு

சிலமலையிலிருந்து போடிக்குப் போகும்போது வழியில் நிற்கும் ஃபிளெக்ஸ் பலகைகளைப் படித்துக்கொண்டே போவது என் வழக்கம். காதுகுத்துக்கும் நினைவஞ்சலிக்கும் நடுவே எப்படியும் ஒரு 'வெள்ளி விழா' நிற்கும். பள்ளிக்கூடத்துக்கு, சங்கத்துக்கு, கல்யாணம் முடித்து இருபத்தைந்து வருஷம் தாக்குப்பிடித்த தம்பதிக்கு. சின்ன வயதில் அதை வெள்ளிக்கிழமை நடக்கும் விழா என்றே நினைத்திருந்தேன். அம்மன் கோயில் காரியம் என்றால் செவ்வாய், வெள்ளிதானே. இருபத்தைந்து வாரம் ஓடிய படத்துக்கு 'சில்வர் ஜூப்ளி' என்று போஸ்டர் ஒட்டியதைப் பார்த்த பிறகுதான் அது கிழமையல்ல, உலோகம் என்று பிடிபட்டது. கே. பாலசந்தர் 1972-இல் தம் படம் ஒன்றுக்கு 'வெள்ளி விழா' என்றே பெயர் வைத்தார். அதற்குள் ஜூபிலி அவ்வளவு தமிழாகிவிட்டிருந்தது.

ஜூபிலியின் வேர் எபிரேய மொழியில் இருக்கிறது. 'யோபேல்' என்றால் ஆட்டுக்கடா. பிறகு கடாவின் கொம்பு, அதன்பின் அந்தக் கொம்பை ஊதி அறிவிக்கும் ஆண்டு. தமிழ் விவிலியத்தில் லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தில் 'யூபிலி' என்று வருவது இதுதான். ஏழேழு நாற்பத்தொன்பது கழித்து வரும் ஐம்பதாம் ஆண்டு. அந்த ஆண்டில் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும், வறுமையால் தன்னையே விற்றுக்கொண்டவன் தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். விருந்து, ஊர்வலம் பற்றிய பேச்சே அங்கு இல்லை. கைமாறிய காட்டையும் அடகு வைத்த ஆளையும் விடுவிக்கும் ஏற்பாடு அது. தோட்டத்துக் கங்காணியிடம் முன்பணம் வாங்கி மலையேறிய கதைகளைக் கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த அதிகாரம் சட்டென்று புரியும்.

ஆனந்தக் கூச்சலிடுவதற்கு இலத்தீனில் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. ஒலி ஒத்துப்போகவே இரண்டும் ஒட்டிக்கொண்டன. நிலம் நழுவி, கூச்சல் மிஞ்சியது. 1300-இல் எட்டாம் போனிஃபாஸ் என்ற போப் ரோமாபுரியில் யூபிலி ஆண்டு அறிவித்தார். அப்போது விடுதலை கிடைத்தது பாவத்துக்கு. நூறு ஆண்டுக்கு ஒருமுறை என்று இருந்தது முதலில் ஐம்பதாகி, பிறகு இருபத்தைந்தாகியது.

அங்கிருந்து சொல் அரசர் கைக்குப் போனது. 1809 அக்டோபரில் மூன்றாம் ஜார்ஜ் தம் ஆட்சியின் ஐம்பதாம் ஆண்டில் கால் வைத்தபோது பிரிட்டன் கொண்டாடியது. 1887-இல் விக்டோரியாவுக்குப் பொன்விழா. இந்தியாவில் அதைப் பிப்ரவரி 16-இலேயே நடத்தினார்கள். ஆயிரக்கணக்கான கைதிகளைச் சிறையிலிருந்து விட்டார்கள். பழைய பொருளில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரே நூலிழை அதுதான்.

1897-இல் வைர விழா. அதுவரை வைரம் என்றால் எழுபத்தைந்து. ராணிக்காக அதை அறுபதுக்கு இறக்கினார்கள். தெரிந்து செய்ததல்ல, ஆனாலும் நம் கணக்கோடு அது பொருந்திவிட்டது. பிரபவ முதல் அட்சய வரை ஒரு சுற்று முடிந்து, பிறந்த வருஷத்தின் பெயர் மறுபடி வரும்போது மணிவிழா செய்கிறவர்கள் அல்லவா நாம்! லண்டனில் ஜூன் 22 அன்று ஊர்வலம். பிளேக்கும் பஞ்சமும் வாட்டிய அதே ஆண்டில், அதே நாள் இரவு புனாவில் ஜூபிலி விருந்து முடிந்து திரும்பிய ராண்ட் என்ற அதிகாரியை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். அங்கே அந்த ஜூபிலி வெடிச் சத்தத்தோடுதான் முடிந்தது.

தமிழ் 'விழா' வேறு வகை. மணிமேகலையில் புகார் நகரின் இந்திர விழா இருபத்தெட்டு நாள். அது எத்தனையாவது விழா என்று யாரும் எண்ணவில்லை. நடக்காமல் விட்டால் கடல் கொள்ளும் என்பதுதான் கவலை. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்குப் போகிறவர்களிடம் இது எத்தனையாவது என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள். நம் விழா திரும்பி வருவது, எண்ணப்படுவதல்ல. அதன் தலையில் வெள்ளியையும் பொன்னையும் ஏற்றி எண்ண வைத்தது ஜூபிலிதான்.

அதன் கட்டடச் சாட்சி சென்னையில் இருக்கிறது. 1883-இல் அடிக்கல் நாட்டிய நகர மண்டபத்துக்கு, பொன்விழாவை ஒட்டி விக்டோரியா பெயர் வந்தது. சிசோம் வரைந்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டதும் 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் பேசியதும் அங்கேதான். ராணியின் பெயரைவிட இவற்றுக்காகத்தான் அது நினைக்கத் தக்கது என்பேன். 2023 ஜூன் முதல் போடியில் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்ட்ரல். இறங்கிச் சற்று நடந்தால் அந்தச் செங்கல் கட்டடம்.

அந்த ரயில் பாதைக்கும் ஒரு ஜூபிலிக் கணக்கு உண்டு. மதுரை–போடிப் பாதை 1928-இல் வந்தது. வெள்ளி விழா காணும் முன்பே, உலகப் போரின்போது 1942-இல் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஐம்பதுகளில் மீண்டும் போட்டார்கள். அகலப் பாதைக்காக 2010-ஓடு நிறுத்தி, பன்னிரண்டு ஆண்டுக்கும் மேல் காக்க வைத்தார்கள்.

2028-இல் அதற்கு நூறு. அதற்கும் ஒரு பலகை வரும். அதற்கு முன், பழைய மீட்டர் கேஜ் வண்டியில் ஏலக்காய் மூட்டையோடு போனவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை இப்போதே எழுதி வையுங்கள்.