பாட்டன் பிறந்த பத்திரம்

இலங்கையின் 1947 தேர்தலில் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியாத் தோட்டங்களின் லயங்களிலிருந்து கங்காணியும் கொழுந்து பறிக்கும் பெண்ணும் போய் வாக்களித்தார்கள். நுவரெலியாவில் எஸ். தொண்டமானும் தலவாக்கலையில் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையும் வென்றார்கள். மலைநாட்டுக்கு வெளியே இடதுசாரிகளுக்கும் தோட்ட வாக்குகள் கைகொடுத்தன. பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க அரசை உறுத்தியது அதுதான்.

அடுத்த ஆண்டே வந்தது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். அதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இலங்கையில் பிறந்தவனாக இருந்தாலும் அவன் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் முப்பாட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. கிராமத்துச் சிங்களவரிடம் நடைமுறையில் இந்தச் சான்றை யாரும் கேட்கவில்லை. டிக்கோயாத் தோட்டத் தொழிலாளியிடம் கேட்டார்கள். இந்தியாவிலிருந்து தலைமன்னாருக்கு வந்திறங்கிக் காட்டுவழி நடந்து வந்த பாட்டனுக்கும், லயத்து அறையில் பிறந்த தகப்பனுக்கும் பிறப்புப் பத்திரம் எங்கிருந்து வரும்? எல்லோருக்கும் ஒரே விதி என்று எழுதிவிட்டு, ஒரு கூட்டத்தாரால் மட்டும் நிறைவேற்ற முடியாத நிபந்தனையை அதற்குள் வைத்ததைச் சமநீதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

1949இல் இரண்டு சட்டங்கள் தொடர்ந்தன. ஒன்று இந்திய, பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைப் பதிவுச் சட்டம். மற்றொன்று பிரஜை அல்லாதவரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிய தேர்தல் திருத்தச் சட்டம். 1948 மசோதாவை எதிர்த்த ஜி.ஜி. பொன்னம்பலம், அமைச்சரான பிறகு பதிவுச் சட்டத்தை ஆதரித்தார். செல்வநாயகம் அவரிடமிருந்து பிரிந்துபோய்த் தமிழரசுக் கட்சி தொடங்கியதற்கு இது முக்கியக் காரணம்.

அன்று நடப்பிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) பிரிவு, ஒரு சமூகத்தாருக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைத் தடுத்தது. அதை நம்பித்தான் ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கச் சொல்லி இந்தியத் தமிழரான கோடாக்கன் பிள்ளை வழக்காடினார். இடாப்புத் திருத்த அதிகாரி அவர் பக்கம் நின்றார். உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்துச் செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1953இல் அங்கே வந்த தீர்ப்பை இன்று படித்தாலும் மனம் பொறுக்கவில்லை. இந்தியத் தமிழர் இடம்பெயரும் வழக்கமுடையவர்கள்; அது குடியுரிமைத் தகுதியைப் பற்றியது, சமூகத்தைப் பற்றியதல்ல என்றார்கள் நீதிபதிகள். தலைமுறை தலைமுறையாக ஒரே மலையில் கொழுந்து பறித்தவர்களைப் பற்றிய பேச்சு இது! பதிவுச் சட்டத்தின் வழி திறந்திருக்கிறது என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

அந்த வழியில் சுமார் 8 லட்சம் பேருக்காக மனுப் போட்டார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது ஏறத்தாழ 1.34 லட்சம் பேருக்கு. 1947இல் வென்ற தொண்டமான் மறுபடி மக்கள் வாக்கால் நாடாளுமன்றம் போனது 1977இல்தான்.