விருந்து வீடும் கொத்தனின் கூலியும்

நாட்டரசன்கோட்டை கம்பர் அடங்கிய ஊர். நீதியரசர் மு. மு. இஸ்மாயீல் அவர்களின் கம்பன் புலமையைப் போற்றி வளர்ந்த நம் குடும்பங்களுக்கு அவ்வூர் அயலூர் அன்று. அங்கே வரிசையாக நிற்கும் நகரத்தார் வீடுகளைக் கண்டு வியவாதார் இல்லை. பர்மாத் தேக்குத் தூண்களும், சுண்ணாம்போடு முட்டை வெண்கரு சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவர்களும் ஒரு காலத்துச் செல்வத்தை இன்றும் பறைசாற்றுகின்றன. வீட்டைக் கட்டுவித்தவர் பெயரை ஊர் சொல்லும். அச்சுவரை நாள் முழுதும் தேய்த்து மெருகேற்றிய கொத்தனின் பெயரைச் சொல்வார் இல்லை. கலியாண நாளில் விருந்தினர் தூணைப் புகழ்வர். தூணை ஏற்றி நிறுத்திய தோளை நினைப்பவர் அரியர்.

ஒரு நாடு உலகை விருந்துக்கு அழைக்கும்போதும் நிலைமை இதுவேயாகிறது. அப்பொழுது நாட்டுப் பற்று எது, குறை கூறல் எது என்னும் வினா எழுகிறது. நம் நாட்டு வரலாற்றைக் கொண்டே அதற்கு விடை காண முயல்வோம்.

விடுதலை பெற்ற நான்காம் ஆண்டிலேயே, 1951 மார்ச்சில், முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியை டெல்லியில் நடத்தினோம். 11 நாடுகள் வந்தன. பிரிவினையின் புண் ஆறாத காலம், உணவுக்கே தட்டுப்பாடு. எனினும் எளிமையாக நடந்த அவ்விழா புதிய நாட்டுக்குத் தலைநிமிர்வைத் தந்தது.

1982இல் அவ்விழா மீண்டும் டெல்லிக்கு வந்தபோது எளிமை போய்விட்டது. ஜவாஹர்லால் நேரு அரங்கம் எழுந்தது, இந்திரப்பிரஸ்த உள்ளரங்கம் எழுந்தது, மேம்பாலங்கள் எழுந்தன. இந்தியத் தொலைக்காட்சி வண்ணம் பெற்றதும் அவ்வாண்டே. நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை 33 நாட்டு வீரர்கள் ஆடினர். அன்று இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த நம் பக்கத்து ஊர்களுக்குச் சென்னைத் தொலைக்காட்சி எட்டவில்லை. வானொலியும் நாளேடுமே நமக்கு அரங்கம். ‘அப்பு’ என்னும் யானைக்குட்டிச் சின்னம் பிள்ளைகளின் செல்லம்.

ஏழை நாட்டுக்கு இத்தனை ஆடம்பரம் ஏன் என்று சிலர் கேட்டனர். விருந்தினர் வரும் வேளையில் வீட்டுக் குறையை வெளியே சொல்லலாமா என்று வேறு சிலர் சினந்தனர். இவ்விரு குரல்களுக்கும் நடுவே மூன்றாவது குரல் ஒன்று உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் என்னும் அமைப்பு, நீதியரசர் பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது.

அதில் சொல்லப்பட்டது என்ன? இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒரிஸ்ஸா முதலிய பகுதிகளிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளரே விளையாட்டுக் கட்டுமானங்களை எழுப்பினர். சட்டப்படி அவர்களுக்குரிய நாட்கூலி 9 ரூபாய் 25 காசு. ஆள் சேர்த்துவிட்ட ஜமாதார் அதில் ஒரு ரூபாயைப் பிடித்துக்கொள்வார். உழைத்தவன் கைக்கு வந்தது 8 ரூபாய் 25 காசு. பெண்களுக்கு அதனினும் குறைவு. பதினான்கு வயது நிரம்பாத சிறுவரும் வேலை செய்தனர்.

உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனையை அறிந்த நமக்கு, அந்த ஒரு ரூபாய் சிறு தொகை அன்று. நீதியரசர்கள் பகவதி, பஹாருல் இஸ்லாம் ஆகிய இருவரும் 1982 செப்டம்பர் 18இல் அளித்த தீர்ப்பும் அதைச் சிறிதாக எண்ணவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு விலக்கும் கட்டாய உழைப்பே. குத்தகைதாரரைக் காட்டி அரசு கை கழுவ இயலாது என்றது அத்தீர்ப்பு. விழா தொடங்க இரண்டே மாதங்கள் இருந்த வேளையில் சொல்லப்பட்ட சொல் இது. இதனால் நாட்டின் மானம் போகவில்லை, காக்கப்பட்டது.

ஆனால் குறைகாணல் எல்லாமே நன்றன்று என்பதற்கும் அவ்விழாவே சான்று. டிசம்பர் 1இல் நடந்த ஹாக்கி இறுதியாட்டத்தில் பாகிஸ்தானிடம் 7-1 எனத் தோற்றோம். பழி முழுதும் கோல் காவலர் மீர் ரஞ்சன் நேகியின் தலையில் விழுந்தது. பணம் வாங்கிக்கொண்டு பந்தை விட்டார் என்றும், நாட்டுத் துரோகி என்றும் தூற்றினர். சான்று எதுவும் இல்லை. அதே விழாவில் நம் பெண்கள் ஹாக்கியில் தங்கம் வென்றதைப் பேசியவர் குறைவு. நேகியோ பல்லாண்டு கழித்துப் பயிற்சியாளராகத் திரும்பினார். 1998இல் பாங்காக்கில் நம் ஆடவர் தங்கம் வென்றபோதும், 2002இல் மான்செஸ்டரில் பெண்கள் தங்கம் வென்றபோதும் அவர் பங்கு இருந்தது. எல்லையின் அப்புறத்தோடு நடக்கும் ஓர் ஆட்டத்தின் தோல்விக்குத் துரோகப் பட்டம் எத்துணை எளிதில் சூட்டப்படும் என்பதை நம் சமுதாயத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை.

இரண்டையும் சீர்தூக்கினால் வேறுபாடு புலனாகும். ஒரு குரல் ஆதாரத்தைத் திரட்டி, வலியவனைப் பார்த்து, எளியவனுக்காகப் பேசிற்று. மற்றொன்று ஆதாரமின்றிக் கும்பலோடு சேர்ந்து ஒரு தனிமனிதனை மிதித்தது. முன்னதே விமரிசனம், பின்னது அவதூறு.

2010இல் காமன்வெல்த் விளையாட்டுக்காக டெல்லி மீண்டும் கோலம் பூண்டது. 28 ஆண்டுகளுக்குப் பின் அதே உரிமை அமைப்பு மீண்டும் நீதிமன்றம் சென்றது. டெல்லி உயர் நீதிமன்றம் அமைத்த குழுவும் கூலிக் குறைவையும் பாதுகாப்பின்மையையும் கண்டது. விழாவுக்குச் சில நாட்களே இருக்க, செப்டம்பர் 21இல், நேரு அரங்கின் அருகே கட்டிய நடைபாலம் சரிந்து தொழிலாளர் காயமுற்றனர். உலக ஏடுகள் எள்ளி நகையாடின, நமக்கு வலித்தது. ஆனால் உள்ளூர்க் குரலை உரிய நேரத்தில் கேட்டிருந்தால் அயலார் நகைப்புக்கு இடமேது? 1936இல் பெர்லினில் ஒலிம்பிக் நடந்தபோது, யூதர்க்கு எதிரான பலகைகளை வந்தவர் கண்ணில் படாமல் அகற்றிவைத்தனர். பலகை மறைந்தது, பகை மறையவில்லை.

2036 ஒலிம்பிக்கை நடத்த விரும்பி இந்தியா 2024 அக்டோபரில் கடிதம் கொடுத்திருக்கிறது. நம் மண்ணில் ஒலிம்பிக் சுடர் எரியுமானால் மகிழ்வோருள் நாமும் இருப்போம். அன்று அரங்கின் உயரத்தை ஏடுகள் எழுதட்டும். கொத்தனின் கூலியையும் எழுதட்டும். விருந்தினர் வாசலுக்கு வருமுன் வீட்டுக் குப்பையைச் சுட்டிக்காட்டுபவன் அவ்வீட்டின் பகைவன் அல்லன், அவ்வீட்டுப் பிள்ளை.