தடித்த கம்பளிக் காலுறை

குளிர்நாடுகளில் ஆண்கள் பூட்ஸுக்குள் அணிவதற்காகக் கையால் பின்னப்படும் காலுறை. மெல்லிய நூலில் ஆண்கள் அளவுக்கு 64 முதல் 72 கண்ணிகள் வேண்டும். தடித்த நூலில் 44 அல்லது 48 போதும், வேலையும் விரைவில் முடியும். இருமுனையும் கூரான நான்கு அல்லது ஐந்து ஊசிகளில், தையலின்றிக் குழாய்போல் பின்னுவர்.

கைத்திறன் முழுதும் தெரியும் இடம் குதிகால். பாதிக் கண்ணிகளை மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னி மடல் செய்து, அடியில் சில கண்ணிகளைக் குறைத்து வளைத்து, மடலின் ஓரங்களில் புதுக் கண்ணிகள் எடுத்து, மீண்டும் வட்டமாகத் தொடர வேண்டும். அதிகம் தேயும் இடமும் இதுவே. ஆகவே நைலான் கலந்த கம்பளி நூலே சிறந்தது. சுற்றளவு பாதத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். தளர்ந்த காலுறை பூட்ஸுக்குள் மடங்கிக் கொப்புளம் உண்டாக்கும்.

முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளின் ஈரத்தில் வீரர்களின் பாதங்கள் புண்ணாகி அழுகின. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் அழைப்பை ஏற்றுப் பெண்களும் சிறுவர்களும் காலுறைகள் பின்னி அனுப்பினர். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது.

வெந்நீரில் கசக்கினால் கம்பளி சுருங்கிக் கெட்டிப்படும். குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் பரப்பி உலர்த்துக.