இருளை மீட்ட பதிப்பு



குற்றக் கும்பலின் தலைவனைப் பற்றிய திரைப்படம் ஒன்றைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியன் எடுத்துப் பேசலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலா இயக்கி 1974 டிசம்பரில் வெளிவந்த ‘தி காட்ஃபாதர் பாகம் 2’ மாணவர்க்கு உரிய படம் அன்று. பெரியவர்கள் பார்க்க வேண்டியது. ஆயினும் அப்படம் பழுதுபார்க்கப்பட்டு 2008ஆம் ஆண்டில் இல்லங்களுக்கான வட்டாக வந்த வரலாறு, ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த நம் முன்னோரின் வரலாற்றுக்கு மிக நெருங்கியது. அதனாலேயே இக்கட்டுரை.

முதலில் கதையைச் சிறிது சொல்லிவிடுகிறேன். சிசிலித் தீவில் தாய் தந்தையரை இழந்த ஒன்பது வயதுச் சிறுவன் வீத்தோ, 1901இல் தன்னந்தனியாக நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்குகிறான். குடிநுழைவு அதிகாரி அவன் ஊர்ப்பெயரையே குடும்பப் பெயராக எழுதிவிடுகிறார். அம்மை நோய் என்று சொல்லி மூன்று மாதம் தனிமைப்படுத்துகிறார்கள். சிறிய அறையில், சுதந்திரதேவி சிலையைச் சன்னல் வழியே பார்த்தபடி, அச்சிறுவன் மெல்லப் பாடத் தொடங்குகிறான்.

கிள்ளானில் வாழும் நமக்கு இக்காட்சி அந்நியமானதா? போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதும் அதே 1901ஆம் ஆண்டுதான். (அது போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாறியது 1972இல். காட்ஃபாதர் முதற்பாகம் வெளிவந்ததும் அவ்வாண்டே!) சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலேறி வந்த நம் பாட்டன் பூட்டன்மார்க்கும் நோய்த்தடுப்பு முகாம் வாசம் இருந்தது. பதிவேட்டில் உருமாறிய பெயர்களும் இருந்தன. வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் இங்கே ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். எல்லிஸ் தீவு அதிகாரிகள் தம் விருப்பம்போல் பெயரை மாற்றினார்கள் என்பது பரவலான நம்பிக்கை மட்டுமே. கப்பற் பட்டியலில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த பெயரைத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள் என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். படம் ஆவணம் அன்று. ஆனால் படத்தின் படச்சுருள் ஓர் ஆவணம். இவ்வேறுபாட்டை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

இப்படத்தில் இரு காலங்கள் மாறிமாறி வருகின்றன. தந்தை வீத்தோ இளைஞனாக நியூயார்க் தெருக்களில் தலையெடுப்பது ஒன்று. 1958இல் மகன் மைக்கேல் செல்வத்தின் உச்சியில் அமர்ந்து குடும்பத்தையே அழித்துக்கொள்வது மற்றொன்று. தந்தையின் காலத்தை ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் மஞ்சள் பொன்னிறத்தில் தோய்த்தெடுத்தார். மகனின் காலம் குளிர்ந்தது, இருண்டது. வில்லிஸ் வேண்டுமென்றே குறைந்த ஒளியில் படம்பிடிப்பவர். ஆய்வகத்தார் பிறகு வெளிச்சம் கூட்ட நினைத்தாலும் கூட்ட முடியாதபடி சுருளிலேயே இருளைப் பதித்துவிடுபவர். திரையுலகில் அவருக்கு ‘இருளின் இளவரசர்’ என்றே பட்டப்பெயர். மைக்கேலின் முகம் பாதி நிழலில் அமிழ்ந்திருக்கும்; சில இடங்களில் கண்களே தெரியா. அலங்காரத்திற்காகச் செய்தது அன்று அது. அம்மனிதனைப் பற்றிப் படம் வழங்கும் தீர்ப்பு அந்த நிழலில்தான் இருக்கிறது.

நம்மில் பலர் அந்த நிழலைப் பார்த்ததே இல்லை.

எண்பதுகளில் பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் ஒளிநாடா வாடகைக்கு எடுத்த தலைமுறை நம்முடையது. நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுக்குந்தோறும் கருமை சாம்பலாகிவிடும். சதுரத் தொலைக்காட்சிப் பெட்டிக்காகக் காட்சியின் ஓரங்களையும் வெட்டிவிடுவார்கள். தொண்ணூறுகளின் இறுதியில் இரவுச் சந்தைகளில் சில வெள்ளிக்குக் குவிந்து கிடந்த விசிடி வட்டுகள் இன்னும் மோசம். அதன் சட்டகம் ஒன்றில் 352க்கு 288 புள்ளிகள்தாம். ஒரு வட்டில் ஏறத்தாழ 74 நிமிடமே அடங்கும். இருநூறு நிமிடம் ஓடும் இப்படத்திற்கு மூன்று வட்டுகள் வேண்டும். இருண்ட காட்சி வந்துவிட்டால் திரை கட்டங்கட்டமாகச் சிதறும். நிழல் போயிற்று, எஞ்சியவை கோட்டும் துப்பாக்கியும் நாற்காலியில் அமரும் தோரணையுமே. அத்தோரணையைத்தான் பின்னாளில் எத்தனையோ படங்களும் நம் இளைஞர் சிலரும் நகல் எடுத்தார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகர்ப்புறத்துக்குத் தள்ளப்பட்ட குடும்பத்தில் ஒரு சிறுவன் குண்டர் கும்பலை நோக்கி எப்படி ஈர்க்கப்படுகிறான் என்பதைச் சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015) காட்டியது. அதைப் பார்த்த பெற்றோர்க்கு நான் சொல்ல வருவது விளங்கும்.

ஒளி மட்டுமா கெட்டது? கதையின் வரிசையும் கெட்டது. 1977 நவம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று இரு பாகங்களையும் பிரித்து, காலவரிசைப்படி கோத்து, நான்கு இரவுகளில் ஒளிபரப்பியது. கோத்தவர்களுக்குக் கொப்போலாவின் ஒப்புதலும் இருந்தது. தந்தை முதலில், மகன் பிறகு என்று எல்லாம் நேராக ஓடியது. புரிந்துகொள்ள எளிதுதான். ஆனால் தந்தை கைக்குழந்தை மைக்கேலை மடியில் வைத்திருக்கும் காட்சியை அடுத்து, அதே மைக்கேல் எவருமற்று அமர்ந்திருக்கும் காட்சி வரும்போது நம் நெஞ்சில் எழும் கேள்வி அந்நேர்வரிசையில் எழவே எழாது. சிலப்பதிகாரத்தின் காதைகளை எவரேனும் வசதிக்காக இடம் மாற்றி அச்சிட்டால் நாம் ஒப்புவோமா?

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியபோது செய்த பணியை நாம் ஆண்டுதோறும் மாணவர்க்குச் சொல்கிறோம். ஊர் ஊராய் ஏடு தேடினார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். தேடியது பாதிப் பணி. கிடைத்த படிகளை அடுக்கி வைத்து, ஒன்றில் சிதைந்ததை மற்றொன்றால் நிரப்பி, எது மூலபாடம், எது ஏடெழுதுவோன் பிழை என்று தீர்மானித்தது மறுபாதி. விளங்காத சொல் வந்தால் விளங்கும் சொல்லாக மாற்றிவிடும் ஆசையை அடக்கிக்கொண்டதே அவருடைய பெருமை. விளங்காததை விளங்காதது என்றே விட்டுக் குறிப்பெழுதினார்.

காட்ஃபாதர் படங்களை மீட்ட ராபர்ட் ஹாரிஸ் செய்ததும் இதுவே. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’, ‘வெர்ட்டிகோ’ ஆகிய படங்களை முன்னரே மீட்டவர் அவர். 2006 வாக்கில் கொப்போலா தம் படங்களின் நிலையை ஸ்டீவன் ஸ்பில்பெர்க்கிடம் முறையிட, ஸ்பில்பெர்க் பாரமவுண்ட் நிறுவனத் தலைமையிடம் பேசி நிதிக்கு வழி செய்தார். பெட்டிகளைத் திறந்தபோது முதற்பாகத்தின் மூலச்சுருள் நைந்து போயிருந்தது. படம் பெருவெற்றி பெற்றதால் திரையரங்குப் படிகளை மேலும் மேலும் மூலச்சுருளிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். கிழிந்த இடங்களில் நகல் துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். வெற்றியே படத்தை அழித்திருக்கிறது! இரண்டாம் பாகத்தின் மூலச்சுருள் அதைவிட நல்ல நிலையில் இருந்தது.

நிறத்திற்கு என்ன சான்று? இங்கேதான் தற்செயல் துணைநின்றது. அக்காலத்து வண்ணப்படிகள் பெரும்பாலும் சில ஆண்டுகளில் நீலமும் பச்சையும் மங்கிச் செந்நிறம் மட்டும் எஞ்சிவிடும் தன்மையன. பழைய குடும்பப் புகைப்படங்கள் சிவந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேதியியல்தான். ஆனால் டெக்னிகலர் நிறுவனத்தின் சாயமேற்றும் முறை வேறு. துணியில் அச்சுப் பதிப்பதுபோல் மஞ்சள், செவ்வூதா, மயில்நீலம் என மூன்று சாயங்களைத் தனித்தனியே சுருளின்மேல் ஒற்றி எடுப்பார்கள். அச்சாயம் எளிதில் மங்காது. அமெரிக்காவில் அம்முறையில் படியெடுக்கப்பட்ட கடைசிப் படங்களுள் காட்ஃபாதர் இரண்டாம் பாகமும் ஒன்று. அதன்பின் அங்கு அத்தொழிற்கூடம் மூடப்பட்டு, அந்தத் தொழில்நுட்பம் சீனாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அக்காலப் டெக்னிகலர் படிகளே ஒப்பீட்டுக்குரிய நல்லேடாக அமைந்தன. மூலச்சுருளைச் சட்டகம் சட்டகமாக 4கே அளவில், அதாவது குறுக்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளாக வருடி எடுத்துக் கீறல்களை நீக்கினார்கள். வில்லிஸ் அப்போது உயிருடன் இருந்தார். தம் நிழல்கள் எவ்வளவு கருமையாய் இருக்க வேண்டும் என்று அவரிடமே கேட்க முடிந்தது. உரையாசிரியர் அருகில் நூலாசிரியரே வந்து அமர்ந்த பேறு இது.

2008 செப்டம்பர் 23 அன்று டிவிடியாகவும் புளூ-ரே வட்டாகவும் அப்பதிப்பு அமெரிக்காவில் வெளியாயிற்று. பளபளப்பை எதிர்பார்த்து அதைப் பார்க்கிறவர் முதலில் ஏமாறுவார். திரையில் மணல் தூவியதுபோல் நுண்புள்ளிகள் அசையும். அறைகள் முன்னைவிட இருட்டாய்த் தெரியும். அப்புள்ளிகள் படச்சுருளின் இயல்பு. அவற்றைக் கணினியால் வழித்தெடுத்திருந்தால் முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகியிருக்கும். முதற்பாகத்தின் பொன்விழாவையொட்டி 2022 மார்ச்சில் 4கே வட்டுகளாகவும் வந்தன. அதற்காக முந்நூறுக்கும் மேற்பட்ட பெட்டிச் சுருள்களை ஆராய்ந்ததாகவும், கறையும் கிழிசலும் சரிசெய்ய மட்டும் நாலாயிரம் மணிநேரத்துக்கு மேல் உழைத்ததாகவும் பாரமவுண்ட் தெரிவித்தது.

நம் பக்கம் வருவோம். 1964இல் வந்த ‘கர்ணன்’ 2012இல் மின்னிலக்கமாக்கப்பட்டு மீண்டும் திரைக்கு வந்தது. காட்ஃபாதரின் சாயல் படிந்த மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) 2023 நவம்பரில் 4கே வடிவில் திரையிடப்பட்டது. பி.சி.ஸ்ரீராமின் ஒளிப்பதிவை ஒளிநாடாவில் மட்டுமே கண்டவர்க்கு அது வேறொரு படமாகவே தோன்றியிருக்கும். மகிழ்ச்சிதான். ஆனால் நடராஜ முதலியாரின் ‘கீசக வதம்’ இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமாகிய ‘காளிதாஸ்’ (1931) இல்லை. இருப்பவை விளம்பரங்களும் பாட்டுப் புத்தகமும் ஒருசில படங்களுமே. நம் மண்ணிலும் இக்கதை உண்டு. கேரளத்திலிருந்து வந்த பி.என்.ராவ் இயக்கி 1957இல் பெரும்புகழ் பெற்ற ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்ப்படத்தின் சுருள்களை அதன் தயாரிப்பாளரே ஈயக் குட்டையில் வீசிவிட்டதாகத் திரைப்பட வரலாற்றாளர்கள் கூறுகிறார்கள். அதே ஆண்டில் வந்த தொடர்ச்சிப் படமும் மறைந்தது. மூன்றாவது மட்டும் தப்பியது. யாருக்கும் தீய எண்ணம் இல்லை. இடத்தை அடைக்கிறது, இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணமே போதுமானதாய் இருந்தது.

எங்கள் பள்ளி அலமாரியிலும் எண்பதுகள் தொட்டு எடுத்த ஒளிநாடாக்கள் இருக்கின்றன: பரிசளிப்பு விழாக்கள், ஒரு பொங்கல், பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் பிரியாவிடை. சிலவற்றில் வெண்பூசணம் பிடித்துவிட்டது. ஒளிநாடாக் கருவியைக் கடைசிவரை தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 சூலையோடு நிறுத்திக்கொண்டது. பூசணம் படிந்த நாடாவைத் துடைக்காமல் கருவியில் இட்டால் கருவியின் தலைப்பகுதியும் அதன்பின் இடும் நல்ல நாடாக்களும் கெடும். ஆதலால் அவற்றைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். மற்றவற்றைப் பள்ளி விடுமுறையில் ஒவ்வொன்றாக மின்னிலக்கமாக்க எண்ணம். வேலை செய்யும் நிலையில் கருவி வைத்திருக்கும் பெற்றோர் யாரேனும் இருந்தால், விற்கவோ வீசவோ வேண்டாம். இரண்டு வாரம் இரவல் தந்தால் போதும்.