நீரடிமுத்து எண்ணெயும் ஊசிக் கட்டியும்

கொச்சியை அடுத்த ஏலூர், பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவே அமைந்த தீவு. அங்கும் மட்டாஞ்சேரியிலும் வாழும் தமிழ் நேயர்கள், மரோட்டிக் காயைப் பிளந்து, அதன் ஓட்டில் எண்ணெய் வார்த்து மலையாளத்தார் விளக்கேற்றுவதைக் கண்டிருக்கலாம். நம் சித்த மருத்துவர் நீரடிமுத்து என வழங்குவதும் அதுவே. ஊசி போட்ட இடத்தில் கட்டி எழுவது ஏன் என்பதை விளக்கும் வரலாறு ஒன்று இம்மர இனத்தோடு பிணைந்திருக்கிறது.

இவ்வின மரங்களின் வித்து எண்ணெய் தொழுநோய்க்கு மருந்தாயிற்று. அந்நோய் கொச்சிக்குப் புதிதன்று. வைப்பின் தீவிலுள்ள பள்ளிப்புறத்தில் டச்சுக்காரர் 1728-இல் தொழுநோயாளர் இல்லம் அமைத்தனர். 1854-இல் கல்கத்தாவில் மருத்துவர் மௌவாட் இவ்வெண்ணெயை மேனாட்டு மருத்துவத்திற்கு அறிமுகப்படுத்தினார். உட்கொண்டால் குமட்டிற்று, ஆகவே ஊசி வழியே செலுத்தினர். தடித்த எண்ணெய் உடல்நீரில் கரையாது தசையிலேயே தங்கி, கடும் வலியையும் கட்டியையும் உண்டாக்கியது. நோயினும் மருந்தே கொடிதெனப் பலர் அஞ்சினர்.

இத்துயருக்கு வழி கண்டவர் ஹவாயில் வேதியியல் பயின்ற ஆலிஸ் பால் என்னும் கறுப்பின இளநங்கை. 1915-ஐ ஒட்டி, எண்ணெயின் கொழுப்பு அமிலங்களை எத்தில் எஸ்டர் என்னும் மெல்லிய வடிவுக்கு மாற்றி, உடல் எளிதில் ஏற்குமாறு செய்தார். 1916-இல், 24 வயதில், அவர் மறைந்தார். அவர் ஆய்வைப் பிறரொருவர் தம் பெயரில் வெளியிட்டார். 1922-இல் மருத்துவர் ஹோல்மன் உண்மையை எழுதினார். 1940-களில் சல்போன் மருந்துகள் வந்தபின் எண்ணெய் ஊசி படிப்படியே வழக்கொழிந்தது.

மருந்தின் கடுமையால் எழும் கட்டி ஒருவகை. கிருமியால் சீழ் பிடிப்பது மற்றொரு வகை. 1853-இல் ஊசிக்குழல் மருத்துவத்தில் புகுந்தபோது கிருமியை யாரும் கருதவில்லை. 1867-இல் லிஸ்டர் கிருமிநீக்க முறையை வெளியிட்டார். அதன் பின்னரே கருவிகளைக் கொதிக்க வைத்துத் தூய்மை செய்யும் வழக்கம் மெல்ல வேரூன்றிற்று. இன்று ஒருவருக்கு ஒருமுறை மட்டுமே பயன்படும் ஊசி கிடைக்கிறது.

நேயர்களே! அயலூரில் ஒருநாட் கூலியை இழக்கலாகாதென்று, சிறு காய்ச்சலுக்கும் “ஓர் ஊசி போட்டுவிடுங்கள்” என்று நாமே கேட்பதுண்டு. மாத்திரை போதுமாயின் ஊசி வேண்டா. வேண்டுமெனில், உறை பிரிக்காத புது ஊசியை நம் கண்முன் பிரிக்கச் சொல்லலாம்; அது பிழையன்று. போடுபவர் கைகழுவ வேண்டும். தோலைச் சாராயத்தில் துடைத்து உலரவிட வேண்டும். தசைக்குரிய மருந்து தசையிலேயே இறங்க வேண்டும். தொடர்ந்து போடுகையில் இடம் மாற்ற வேண்டும். போட்ட இடம் சிவந்து, சூடேறி, விண்ணென்று தெறித்துக் காய்ச்சலும் கண்டால், பிதுக்குதலும் வீட்டில் கீறுதலும் ஆபத்து. உடனே மருத்துவரை நாடுக. கூலி மறுநாளும் கிட்டும். சீழ் பரவிய உடல் எளிதில் மீளாது.